போர் முடிந்த பின் – 9: கைத்தாங்கல்

அந்தப் படிவத்தில் ஒரு மனித உருவம் அச்சடித்திருக்கும். முன்பக்கம் ஒன்று, முதுகுப்பக்கம் ஒன்று. முகத்தில் கண் மூக்கு கிடையாது, உடம்பில் துணி கிடையாது, வெறும் கோடு. 1880களில் அமெரிக்காவின் ஏதோ ஒரு சிற்றூரில் மூன்று டாக்டர்கள் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார்கள். எதிரே உள்நாட்டுப் போரில் சண்டையிட்ட ஒரு பழைய சிப்பாய் சட்டையைக் கழற்றிவிட்டு நிற்பார். குண்டு நுழைந்த இடம், வெளியேறிய இடம், தழும்பின் நீளம், மடங்க மறுக்கும் முட்டி என்று ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்து, அந்தக் கோட்டு உருவத்தில் மையால் குறி வைப்பார்கள். கடைசியில் ஒரு பின்னம் எழுதுவார்கள். பதினெட்டில் நான்கு. பதினெட்டில் பத்து.

பதினெட்டு எங்கிருந்து வந்தது? ஒரு கையோ ஒரு காலோ போனவருக்கு 1872ஆம் ஆண்டுச் சட்டப்படி மாதம் 18 டாலர் பென்ஷன். அதை முழுசு என்று வைத்துக்கொண்டு, மற்ற உபாதைகளையெல்லாம் அதில் இத்தனை பங்கு என்று அளந்தார்கள். மாகாணி, வீசம் என்று நிலத்தையும் நெல்லையும் பங்கிட்ட நம் கணக்குப்பிள்ளைகள் இதைப் பார்த்திருந்தால் தொழில் மரியாதையோடு தலையாட்டியிருப்பார்கள். இத்தனைக்கும் டாக்டர்கள் முன்னால் வந்து நின்றவர்களில் குண்டடி பட்டவர்கள் ஒரு பகுதிதான். முகாமின் ஈரத்தரையில் படுத்து வாங்கிய மூட்டுவாதமும், கெட்ட தண்ணீரில் தொற்றி வருஷக்கணக்காக விடாத வயிற்றுப்போக்குமே பெரும்பாலோரின் புகார். அந்தக் கோட்டு உருவத்தில் வயிற்றுப்போக்கை எங்கே குறிப்பது?

இன்னொரு குறையும் அந்த உருவத்தில் குறி வைக்க முடியாததாக இருந்தது. சட்டைப் பொத்தானைத் தானே போட முடியாதது. கரண்டியை வாய்வரை கொண்டுபோக முடியாதது. ராத்திரியில் தனியாக எழுந்து கொல்லைப்புறம் போக முடியாதது. இதற்குச் சிப்பாயின் உடம்பை மட்டும் அளந்து பயனில்லை. பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

1866 ஜூனில் வந்த பென்ஷன் சட்டம் இந்த நிலைமைக்கு ஒரு சொற்றொடர் வைத்தது. அறவே இயலாமல்போய், வேறொரு நபரின் இடையறாத உதவியும் உடனிருப்பும் தேவைப்படுகிறவர் என்று அதன் கருத்தைச் சொல்லலாம். தமிழில் இதற்கு ஒரே சொல் போதும்: கைத்தாங்கல். அப்படிப்பட்டவருக்கு மாதம் 25 டாலர். அடிமட்டச் சிப்பாயின் முழு ஊனத்துக்கு எட்டு டாலர் என்று 1862இல் தொடங்கிய கணக்கில் 25 டாலர் பெரிய தொகை. 1872இல் அது 31 டாலர் 25 சென்ட் ஆனது, 1874இல் 50, 1880இல் 72. போரில் வெட்டுப்பட்ட கைக்குக் கொடுத்ததைவிட, பக்கத்தில் இன்னொரு ஆள் தேவைப்படுகிறது என்பதற்கு நான்கு மடங்கு கொடுத்தார்கள். எவ்வளவு சரியான மதிப்பீடு என்று இன்றைக்கு வீட்டில் படுத்த படுக்கையாக ஒருவரை வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அந்த ‘வேறொரு நபர்’ யார் என்று மட்டும் சட்டம் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் பதில் எளிது. பெரும்பாலான வீடுகளில் அது மனைவி. இல்லையென்றால் மகள், மருமகள். வாஷிங்டனில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இந்தப் பென்ஷன் கோப்புகள் கட்டுக்கட்டாக இன்றும் இருக்கின்றன. டாக்டர்களின் சான்றிதழ், கூடப் போரிட்ட தோழர்களின் வாக்குமூலம், அக்கம்பக்கத்தாரின் வாக்குமூலம் இவற்றோடு மனைவியின் வாக்குமூலமும் இருக்கும். எத்தனை வருஷமாகக் கணவருக்கு உடுத்திவிடுகிறேன், எப்போதிலிருந்து அவரால் வயலுக்குப் போக முடியவில்லை என்பதையெல்லாம் நீதிபதி முன்னால் சத்தியம் செய்து சொல்லியிருப்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பெயருக்குப் பதில் ஒரு பெருக்கல் குறி போட்டிருப்பார்கள். சட்டத்தின் கண்ணில் அந்தப் பெண் சாட்சி மட்டுமே. உழைப்பு அவருடையது, பணம் கணவர் பெயருக்கு வந்தது. கணவர் செத்த பிறகு விதவை என்ற பெயரில் அவருக்கென்று ஒரு தொகை வரும். அதுவரை அவர் கோப்பில் ஒரு பெருக்கல் குறி.

வீடும் இல்லை, மனைவியும் இல்லை என்றால்? அதற்குத்தான் விடுதிகள். இவற்றின் கதையைக் கொஞ்சம் பின்னால் போய் ஆரம்பிக்க வேண்டும்.

1847இல் தளபதி வின்ஃபீல்ட் ஸ்காட் மெக்சிகோ சிட்டியைப் பிடித்தார். ஊரைச் சூறையாடாமல் விடுவதற்கு ஈடாக நகரத்திடம் ஒன்றரை லட்சம் டாலர் வசூலித்தார். அதில் சிப்பாய்களுக்குப் போர்வையும் செருப்பும் வாங்கியது போக மிச்சத்தில் பெரும்பகுதியை, வயதான, ஊனமுற்ற சிப்பாய்களுக்கு ஒரு விடுதி கட்டச் சொல்லி வாஷிங்டனுக்கு அனுப்பினார். வேறொரு தேசத்துத் தலைநகரின் பணத்தில் தன் கிழட்டுச் சிப்பாய்களுக்குக் கஞ்சி ஊற்றும் யோசனை. 1851இல் சட்டம் நிறைவேறி வாஷிங்டனுக்கு வெளியே ஒரு மேட்டில் சிப்பாய்கள் இல்லம் அமைந்தது. பட்டாளத்தில் இருக்கும் ஒவ்வொருவரின் சம்பளத்திலிருந்தும் மாதம் 25 சென்ட் பிடித்து அதை நடத்தினார்கள். அந்த மசோதாவுக்காக செனட்டில் மல்லுக்கட்டியவர் மிசிசிப்பியின் ஜெஃபர்சன் டேவிஸ். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருஷத்தில் தெற்கத்திய பிரிவினை அரசின் ஜனாதிபதி ஆகப்போகிறவர்.

அதே வளாகத்தில் இருந்த குடில் ஒன்றில்தான் அவருடைய எதிரியான ஆபிரகாம் லிங்கன் 1862 முதல் 1864 வரை மூன்று கோடைகாலங்களைக் கழித்தார். வெள்ளை மாளிகையின் வெக்கையிலிருந்து தப்பிக்கப் போன இடம். தப்பித்தாரா என்றால் இல்லை. குடிலுக்குப் பக்கத்திலேயே புதிதாகத் திறந்த ராணுவ மயானம். போர்க்களத்திலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் வந்த உடல்களுக்கு அங்கே குழி வெட்டிக்கொண்டே இருந்தார்கள். முற்றத்தில் கிழட்டுச் சிப்பாய்கள், வேலிக்கு அப்பால் இளவயதுச் சிப்பாய்களின் கல்லறைகள். 1865 மார்ச் 3ஆம் தேதி, போரில் ஊனமுற்ற தன்னார்வச் சிப்பாய்களுக்கான தேசியப் புகலிடச் சட்டத்தில் லிங்கன் கையெழுத்திட்டார். மறுநாள்தான் அவருடைய இரண்டாவது பதவியேற்பு உரை. போரைத் தாங்கியவனையும் அவன் விதவையையும் அனாதைப் பிள்ளையையும் கவனிப்பது தேசத்தின் கடமை என்று அவர் பேசியது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. முந்தைய நாள் போட்ட கையெழுத்தைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. ஆறு வாரத்தில் அவர் இல்லை.

முதல் விடுதி மெயின் மாநிலத்து டோகஸில் 1866இல் திறந்தது. அது ஒரு கிரானைட் வியாபாரி பணக்காரர்களுக்காகக் கட்டிய ஊற்றுநீர்ச் சுற்றுலா விடுதி. வியாபாரம் படுத்ததால் அரசுக்கு மலிவாகக் கிடைத்தது. அடுத்த வருஷம் மில்வாக்கியிலும் ஒஹையோவின் டேட்டனிலும் கிளைகள். 1870இல் வர்ஜீனியாவின் ஹாம்ப்டன். பிறகு லெவன்வொர்த், லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்தில் சாட்டல் என்று வரிசையாக. தொடக்கத்தில் இதற்கான பணம் எங்கிருந்து வந்தது என்பது சுவாரசியம்: பட்டாளத்தை விட்டு ஓடியவர்களின் பிடித்துவைத்த சம்பளமும், ராணுவ நீதிமன்றங்கள் போட்ட அபராதமும். ஓடியவன் காசில் ஓடாதவனுக்குச் சோறு. ‘அசைலம்’ என்ற பெயரில் பைத்தியக்கார ஆஸ்பத்திரி வாடை அடித்ததால் 1873இல் ‘ஹோம்’ என்று மாற்றினார்கள்.

டேட்டன்தான் இவற்றில் பெரியது. உச்சத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கே இருந்தார்கள். ஏரி, மான்கள் உலவும் பூங்கா, செடிகள் தொங்கும் குகைத்தோட்டம், கண்ணாடி வீட்டில் வெப்பநாட்டுத் தாவரங்கள், நூலகம், நாடக மேடை. ரயில் ஏறி வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் வருஷத்துக்கு லட்சத்தைத் தாண்டியது. ஞாயிற்றுக்கிழமைக் குடும்பங்கள் புல்வெளியில் உட்கார்ந்து சாப்பிட, நீலச் சீருடைக் கிழவர்கள் ஊன்றுகோலோடு நடந்து போவார்கள்; அவர்களும் காட்சியின் ஒரு பகுதி.

உள்ளே இருந்தவர்களுக்கு அது பட்டாளத்தின் நீட்சி. ஊதுகொம்புச் சத்தத்தில் எழுந்திருக்க வேண்டும். பெயர் கூப்பிடும்போது வரிசையில் நிற்க வேண்டும். கட்டில், பெட்டி எல்லாம் சோதனைக்குத் தயாராக இருக்க வேண்டும். நிர்வாகிக்கு ‘கவர்னர்’ என்று பட்டம். குடித்துவிட்டு ரகளை செய்தால் காவல் அறை உண்டு. கேட்டுக்கு வெளியே சாராயக்கடைகள் வரிசைகட்டி நின்றன. பென்ஷன் பட்டுவாடா நாளில் அவற்றுக்குத் திருவிழா. வெளிக்கடையில் போய் ஏமாறுவதைவிட உள்ளேயே குடிக்கட்டும் என்று விடுதிகளிலேயே பீர் விற்கத் தொடங்கியது நிர்வாகம். மது ஒழிப்புக்காரர்கள் இதைக் கேட்டுக் கொதித்தார்கள். அறுபது வயசு ஆளை இருபது வயசு ரெக்ரூட் மாதிரி நடத்தினால், அவரும் ரெக்ரூட் மாதிரிதான் நடந்துகொள்வார் என்பது என் கட்சி.

இந்த ஏற்பாட்டில் ஒரு பெரிய ஓட்டை. மனைவிக்கு அங்கே இடமில்லை. தேசிய விடுதியின் கதவு சிப்பாய்க்கு மட்டும். முப்பது வருஷம் கைத்தாங்கலாக இருந்தவளை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். அவள் பிள்ளை வீட்டுக்கோ, இல்லாவிட்டால் ஊர்ப் பொது ஏழை விடுதிக்கோ போக வேண்டும். மாட்டேன் என்று பல தம்பதிகள் வெளியிலேயே பட்டினி கிடந்தார்கள். இதற்கு மாற்று தேடியது, முன்னாள் சிப்பாய்களின் சொந்தச் சங்கமான ‘கிராண்ட் ஆர்மி ஆஃப் தி ரிபப்ளிக்’. விஸ்கான்சினில் வாப்பாக்கா ஏரிக்கரையில் 1887இல் அவர்கள் தொடங்கிய இல்லத்தில் சின்னச் சின்னக் குடில்கள் கட்டி, தம்பதியாகவே குடிவைத்தார்கள். விதவைகளையும் சேர்த்துக்கொண்டார்கள். அந்த இல்லம் கிங் என்ற ஊர்ப்பெயரில் இன்றும் நடக்கிறது. அடுத்த வருஷம் மத்திய அரசு, மாநிலங்கள் நடத்தும் இல்லங்களுக்குத் தலைக்கு ஆண்டுக்கு 100 டாலர் தரச் சம்மதித்தது. தலை என்றால் சிப்பாயின் தலை. மனைவியின் தலைக்குக் கணக்கில்லை.

இதற்கிடையில் சிப்பாய்களுக்கு வயதாகிக்கொண்டிருந்தது. 1863இல் இருபது வயதில் கெட்டிஸ்பர்க் சண்டையில் நின்றவருக்கு 1890இல் நாற்பத்தேழு, 1905இல் அறுபத்திரண்டு. முட்டிவலி குண்டினால் வந்ததா, வயதினால் வந்ததா என்று எந்த டாக்டராலும் பிரித்துச் சொல்ல முடியாத கட்டம். விடுதிகள் 1884இலேயே இதை ஒப்புக்கொண்டன. போர்க்காயம் இல்லாவிட்டாலும் மூப்பினால் இயலாதவர்களைச் சேர்க்கலாம் என்று அந்த ஆண்டு விதி தளர்ந்தது. பென்ஷன் சட்டம் முரண்டு பிடித்தது. அங்கும் விதியைத் தளர்த்த 1887இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஜனாதிபதி குரோவர் கிளீவ்லாந்து நிராகரித்தார். போரின்போது 150 டாலர் கொடுத்துத் தனக்குப் பதிலாக வேறொரு ஆளைப் பட்டாளத்துக்கு அனுப்பியவர் கிளீவ்லாந்து. சட்டப்படி அது குற்றமில்லை. ஆனால் ஊன்றுகோலோடு ஓட்டுப் போட வந்தவர்கள் அதை மறக்கவில்லை. அடுத்த தேர்தலில் அவர் தோற்றார்.

வென்ற பெஞ்சமின் ஹாரிசன், பென்ஷன் இலாகாவுக்கு ஜேம்ஸ் டானரைத் தலைவராக்கினார். இரண்டாம் புல் ரன் சண்டையில் இரண்டு காலையும் இழந்தவர் டானர். சுருக்கெழுத்து படித்து எழுத்தர் ஆனார். லிங்கன் சுடப்பட்டுச் சாகக் கிடந்த வீட்டுக்கு அடுத்த வீட்டில் குடியிருந்ததால், அந்த ராத்திரியே கூப்பிட்டனுப்பி, சாட்சிகள் சொன்னதை எழுதவைத்தார்கள். பதவிக்கு வந்ததும் கஜானாவைத் திறந்துவிட்ட வேகத்தில் ஆறே மாதத்தில் பதவியிழந்தார். அவர் போன பிறகும் கதவு மூடவில்லை. 1890 ஜூன் சட்டப்படி 90 நாள் பணியாற்றியிருந்தால் போதும், எந்தக் காரணத்தால் வந்த இயலாமைக்கும் மாதம் 6 முதல் 12 டாலர் வரை உண்டு. 1893க்குள் பென்ஷன்காரர்கள் எண்ணிக்கை ஒன்பதரை லட்சத்தைத் தாண்டியது. மத்திய அரசின் செலவில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு இதற்கே போனது.

இத்தனை கோப்புகளையும் வைக்க வாஷிங்டனில் ஒரு பிரம்மாண்டமான செங்கல் கட்டடம் எழும்பியது. கட்டியவர் போர்க்காலத்தில் படைக்குத் தளவாடம் சேர்த்த மான்ட்கோமரி மெய்க்ஸ். கட்டடத்தைச் சுற்றி 1,200 அடி நீளத்துக்குச் சுட்டமண் சிற்பப் பட்டை. காலாட்படை, குதிரைப்படை, பீரங்கி, கடற்படை என்று ஊர்வலம் போய்க்கொண்டே இருக்கும். தளவாட வண்டியை ஓட்டுபவர் கறுப்பினத்தவராக, போரினால் விடுதலையான அடிமையாக இருக்க வேண்டும் என்று மெய்க்ஸ் சிற்பி காஸ்பர் புபெர்லுக்குக் குறிப்பாகச் சொல்லியிருந்தார். அதே பட்டையில் காயம்பட்டவர்களின் வரிசையும் உண்டு. ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு நடந்து போவார்கள். கட்டடத்தின் உள்ளே பின்னங்களாக ஆன விஷயம் வெளிச்சுவரில் உருவமாக இருக்கிறது. இப்போது அங்கே கட்டடக்கலை அருங்காட்சியகம் நடக்கிறது.

பணம் புழங்கும் இடத்தில் தரகர் வராமல் இருப்பாரா? ஜார்ஜ் லெமன் என்ற வாஷிங்டன் பென்ஷன் ஏஜென்ட் முன்னாள் சிப்பாய்களுக்கென்றே ஒரு பத்திரிகை நடத்தினார். புதுச் சலுகைக்காகப் பக்கம் பக்கமாகக் குரல் கொடுப்பார். சலுகை வந்ததும் அதே பத்திரிகையில் தன் விளம்பரத்தைப் பார்த்து மனுப் போட வருகிறவர்களிடம் கட்டணம் வாங்குவார். ஒரு மனுவுக்குப் பத்து டாலருக்குமேல் வாங்கக்கூடாது என்று 1864லேயே உச்சவரம்பு போட்டிருந்தார்கள். அந்தப் பத்து டாலர் வரம்பு 1988வரை சட்டப் புத்தகத்தில் நீடித்தது என்றால் நம்புவது கஷ்டம்தான். பத்து டாலருக்கு வாதாட எந்த வக்கீல் வருவார்? அதனால் மனுதாரருக்கு நல்ல வக்கீலும் கிடைக்காமல் போனார்.

1904இல் தியோடர் ரூஸ்வெல்ட் ஓர் ஆணையில் விஷயத்தை முடித்தார். 62 வயதானால் பாதி இயலாதவர், 70 ஆனால் முழுதும் இயலாதவர் என்று வைத்துக்கொள்ளலாம். உடம்பைத் தடவிப் பார்க்கத் தேவையில்லை. 1907இல் அது சட்டமே ஆயிற்று: 62 வயதில் 12 டாலர், 70இல் 15, 75இல் 20. வயதே காயம். சமூகவியல் அறிஞர் தீடா ஸ்காச்போல் கணக்குப்படி 1910இல் 65 வயது தாண்டிய அமெரிக்க ஆண்களில் 28 சதவீதம் பேர் இந்தப் பணத்தை வாங்கினார்கள். எல்லோருக்குமான சமூகப் பாதுகாப்புச் சட்டம் வர இன்னும் 25 வருஷம் இருந்தது.

வயதை எப்படி நிரூபிப்பது என்பதில் சிலருக்கு மட்டும் சிக்கல். வடக்குப் படையில் ஏறத்தாழ 1,80,000 கறுப்பினச் சிப்பாய்கள் இருந்தார்கள். அடிமையாகப் பிறந்தவருக்குப் பிறப்புப் பதிவு ஏது? கல்யாணப் பதிவு ஏது? எஜமானின் குடும்ப பைபிளில் கன்றுக்குட்டிக் கணக்கோடு எழுதிவைத்திருந்தால் உண்டு. விடுதலை ஆனபிறகு பெயரை மாற்றிக்கொண்டவர்கள், இரண்டு பெயருக்கும் ஆள் ஒருவரே என்று சாட்சி தேடி அலைந்தார்கள்.

போரில் செவிலியாகவும் உளவாளியாகவும் உழைத்த ஹாரியட் டப்மனின் கதையை இங்கே சொல்லாமல் விட முடியாது. அடிமைகளைத் தப்பவைத்தவர் என்று பள்ளிப் புத்தகங்களில் வருகிறாரே, அவர்தான். 1863இல் தென் கரோலினாவின் கொம்பாஹீ ஆற்றுத் தாக்குதலுக்கு வழிகாட்டிப் போனார். முகாம்களில் காய்ச்சல்காரர்களுக்கும் வயிற்றுப்போக்குக்காரர்களுக்கும் பணிவிடை செய்தார். அதற்கு அரசு தனியாகப் பென்ஷன் எதுவும் தரவில்லை. அவருடைய கணவர் நெல்சன் டேவிஸ் சிப்பாயாக இருந்தவர், 1888இல் இறந்தார். விதவை என்ற முறையில் மாதம் எட்டு டாலர் கிடைக்கவே 1895 ஆயிற்று. செவிலிப் பணிக்காகவும் சேர்த்து 25 டாலராக்கச் சொல்லி நாடாளுமன்றத்துக்கு ஒரு மசோதா போனது. பேரம் பேசி 1899இல் 20 டாலரில் நிறுத்தினார்கள்.

அந்த இருபது டாலரை அவர் தனக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. நியூயார்க் மாநிலத்து ஆபர்ன் ஊரில் அவர் வீடு எப்போதும் யாராவது ஒரு கிழவரோ, நோயாளியோ, அனாதையோ இருக்கும் வீடு. தோட்டத்தில் விளைந்ததையும் வீடுவீடாகக் கேட்டு வாங்கியதையும் வைத்துச் சமாளித்தார். 1896இல் பக்கத்து நிலம் ஏலத்துக்கு வந்தபோது, கையில் காசில்லாமலே ஏலம் கேட்டு எடுத்தார். பிறகு அதைத் தன் தேவாலயத்திடம் ஒப்படைத்தார். 1908இல் முதிய கறுப்பின மக்களுக்கான இல்லம் திறந்தது. உள்ளே சேர நூறு டாலர் கட்டணம் என்று தேவாலயத்தார் விதி போட்டதில் அவருக்கு மனத்தாங்கல். காசே இல்லாதவர்களைத்தானே சேர்க்க வேண்டும் என்பது அவர் வாதம். 1911இல் அவரே நடக்க முடியாமல் அந்த இல்லத்தில் சேர்ந்தார். 1913 மார்ச்சில் அங்கேயே இறந்தார். சட்டம் பெயர் கேட்காத அந்த ‘வேறொரு நபர்’ என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு இவர் முகம்தான் வருகிறது.

தோற்ற தரப்புக்கு மத்திய அரசு எதுவும் தரவில்லை. தெற்கு மாநிலங்கள் தங்கள் சிப்பாய்களைத் தாங்களே பார்த்துக்கொண்டன. ஜெஃபர்சன் டேவிஸை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னேன் அல்லவா? மிசிசிப்பியின் பிலாக்சி கடற்கரையில் அவர் கடைசிக் காலத்தைக் கழித்த வீட்டின் பெயர் பொவ்வா. அவர் விதவை வரீனா, அதிக விலைக்குக் கேட்ட ஓட்டல்காரரை மறுத்துவிட்டு, தெற்கத்தியச் சிப்பாய்களின் முதியோர் இல்லமாக நடத்துவதற்கு அதைக் கொடுத்தார். 1903இல் திறந்த அந்த இல்லத்தில் மனைவிகளையும் விதவைகளையும் சேர்த்துக்கொண்டார்கள். வாஷிங்டனில் கிழட்டுச் சிப்பாய்களுக்கு விடுதி வேண்டுமென்று வாதாடிய மனிதரின் சொந்த வீடே அப்படிப்பட்ட விடுதியாகி, 1950கள் வரை நடந்தது.

இருபதாம் நூற்றாண்டை வேகமாகக் கடந்துவிடலாம். முதல் உலகப்போருக்காக 1917இல் வந்த சட்டம், இயலாதவருக்கு ஆள் வைத்துக்கொள்ள மாதம் 20 டாலர் வரை தனியாகத் தந்தது. 1930இல் பென்ஷன் இலாகா, தேசிய விடுதிகள், போர்வீரர் அலுவலகம் மூன்றையும் ஒன்றாக்கி, முன்னாள் படைவீரர் நிர்வாகத்தை உருவாக்கினார் ஹூவர். அதன் ஆஸ்பத்திரிகளில் 1950களில் ஒரு விநோதம்: வைத்தியம் முடிந்தும் வீடு போக முடியாத முதல் உலகப்போர்க் கிழவர்கள் படுக்கைகளை நிரப்பியிருந்தார்கள். அவர்களுக்குத் தேவை டாக்டர் இல்லை, ஆள். 1964இல்தான் நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்கள் நடத்த அந்த நிர்வாகத்துக்குச் சட்டம் இடம் கொடுத்தது. 1999இல் வந்த சட்டம் பணியால் வந்த ஊனம் 70 சதவீதமோ அதற்கு மேலோ இருப்பவருக்குத் தேவைப்பட்டால் பராமரிப்பு இல்லத்தில் இடம் தந்தே ஆக வேண்டும் என்றது.

1866இன் சொற்றொடர் சாகவில்லை. ‘எய்ட் அண்ட் அட்டெண்டன்ஸ்’ என்ற பெயரில் இன்றும் அந்தப் படி இருக்கிறது. போர்க்காலத்தில் சேவை செய்து, வருமானம் குறைவாக இருக்கும் முதியவர், காயமே படாதவராக இருந்தாலும் கேட்கலாம். பழைய 90 நாள் கணக்கும் பெரும்பாலோருக்கு அப்படியே. மனைவி மக்கள் இல்லாதவருக்கு 2024 கணக்கில் ஆண்டுக்கு 27,609 டாலர் உச்சம். சொந்த வருமானத்தைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைத் தருவார்கள். டாக்டர் நிரப்பும் படிவத்தில் கோட்டு உருவம் போய்க் கேள்விகள் வந்திருக்கின்றன. தானே உடுத்த முடிகிறதா? தானே சாப்பிட முடிகிறதா? குளிக்க, கழிப்பறைக்குப் போக ஆள் வேண்டுமா? செயற்கைக் காலை மாட்டிவிட யாராவது வேண்டுமா? தனியாக விட்டால் அடுப்பிலோ தெருவிலோ ஆபத்து உண்டா? பதினெட்டில் இத்தனை என்று எழுதுவதைவிட இது மேல். கெடுபிடியும் கூடவே வந்தது. ஏழைகளுக்கான அரசு மருத்துவ உதவியில் பராமரிப்பு இல்லத்தில் இருக்கும் தனிக்கட்டை முதியவருக்குப் பென்ஷன் மாதம் 90 டாலராகச் சுருங்கிவிடும். சோப்பு, முடிவெட்டு, பேரப்பிள்ளைக்கு ஒரு பரிசு எல்லாம் அதற்குள். ஜார்ஜ் லெமனின் வாரிசுகளும் இருக்கிறார்கள்: சொத்தை வேறு பெயருக்கு மாற்றிக் காட்டி இந்தப் படியை வாங்கித் தருகிறோம் என்று முதியோர் குடியிருப்புகளில் கூட்டம் போடுகிறவர்கள். அதைத் தடுக்க, மூன்று வருஷத்துச் சொத்து மாற்றங்களைத் திரும்பிப் பார்க்கும் விதி 2018இல் வந்தது.

அந்த ‘வேறொரு நபர்’ கதைக்கு வருகிறேன். இராக், ஆப்கானிஸ்தான் போர்களிலிருந்து மூளைக் காயத்தோடு திரும்பிய இளைஞர்களை மனைவிகளும் தாய்மார்களும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. 2010 மே மாதம் ஒபாமா கையெழுத்திட்ட சட்டத்தில் முதன்முறையாக, பராமரிக்கும் குடும்பத்தாருக்கே மாதப்படி, பயிற்சி, மருத்துவக் காப்பீடு, ஓய்வுக்கு மாற்று ஆள் எல்லாம் வந்தன. ஆனால் 2001 செப்டம்பர் 11ஆம் தேதியோ அதற்குப் பிறகோ காயம்பட்டவர்களின் குடும்பத்துக்கு மட்டும். வியட்நாமிலிருந்து திரும்பியவரை நாற்பது வருஷமாகத் தூக்கி உட்காரவைத்துக்கொண்டிருந்த மனைவிகள் இதைச் செய்தித்தாளில் படித்தார்கள். 2018இல் இன்னொரு சட்டம் போட்டு, பழைய போர்களுக்கும் விரிப்பதாகச் சொன்னார்கள். அமலுக்கு வர இரண்டு வருஷம் ஆனது.

அந்த 2020ஆம் ஆண்டு மே 31ஆம் தேதி, வட கரோலினாவில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் தொண்ணூறு வயது மூதாட்டி ஒருவர் இறந்தார். அவர் தகப்பனார் உள்நாட்டுப் போரில் தெற்குப் படையில் சேர்ந்து, பாதியில் ஓடிப்போய் வடக்குப் படையில் சேர்ந்தவர். எண்பது வயதை நெருங்கிய பிறகு இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டு 1930இல் இந்த மகளைப் பெற்றவர். மனவளர்ச்சிக் குறைபாடு இருந்ததால், சிப்பாயின் இயலாத பிள்ளை என்ற கணக்கில் மகளுக்குப் பென்ஷன் தொடர்ந்தது. மாதம் 73 டாலர் 13 சென்ட். லிங்கனின் போருக்காக அமெரிக்க அரசு கொடுத்துவந்த கடைசித் தொகை அது.

நான்கு மாதம் கழித்து, அக்டோபர் 1ஆம் தேதி, 1975 மே 7க்குள் பணியில் கடுமையாகக் காயம்பட்ட முன்னாள் படைவீரர்களின் குடும்பத்தாரிடம் அதே அரசு மனு வாங்கத் தொடங்கியது. படிவத்தில் தனித்தனிப் பகுதிகள். ஒன்றில் படைவீரரின் பெயர். இன்னொன்றில் அவரைப் பார்த்துக்கொள்பவரின் பெயர், அவருடைய கையெழுத்து.

(தொடரும்)